பாவுக்கு முன்னால் நின்ற வண்டி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் எல்லாருமே சொல்வார்கள். சொல்லட்டும். அந்தச் சின்ன கார் விஷயத்தில் என் கோபம்தான் எங்களைக் காப்பாற்றியது என்று இன்றைக்கும் நான் அடித்துச் சொல்வேன்.

பெட்ரோல் விலை தாறுமாறாக ஏறி, கார் வைத்திருந்தவர்களே அதற்குத் துணி போட்டு மூடி வைத்த வருஷம் அது. பார்த்து அந்த வருஷத்தில்தான் என் வீட்டுக்காரர் கார் வாங்கியே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றார். அவர் காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் தறியில் உட்கார்ந்தவர்தான். பிறகு தெருவில் நெய்கிற பட்டுப் புடவைகளை வாங்கி மெட்ராஸ் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிற வியாபாரத்துக்கு வந்துவிட்டார். அதுவரைக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு பழைய ஸ்கூட்டர்தான். முன்னால் புடவை மூட்டை, மூட்டை இல்லாத நாளில் முன்னால் எங்கள் மகள், பின்னால் நான். இரண்டாம் வகுப்புப் படிக்கிற பெண்ணை அப்படி நிற்க வைத்துத்தான் பள்ளிக்கூடத்தில் விடுவார்.

கார் ஒரு சிங்கப்பூர்க்காரருடையது. எங்களிடம் புடவை வாங்குகிற மனிதர். பல வருஷம் அங்கே கடை வைத்திருந்துவிட்டு, ஊரோடு வந்து இருக்கலாம் என்று கப்பலில் புதுக் காரையும் ஏற்றிக்கொண்டு வந்தார். அவர் சம்சாரத்துக்கு நம்ம ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பிப் போகப் போகிறார்கள். கார் புத்தம் புதுசு, சீட்டு மேல் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மெட்ராஸ் புரோக்கர் வந்து ஓட்டிக்கொண்டு போய்விடுவான் என்று சொல்லியிருந்தார்.

என் வீட்டுக்காரர் அந்தக் காரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பொட்டிக்குள் அடக்கமாக வைத்த மாதிரி சின்ன எஞ்சினாம். ஒரு சொட்டுப் பெட்ரோல் வீணாகாதாம். ஆனால் மிதித்தால் பெரிய கார்கள் எல்லாம் பின்னால்தான் வர வேண்டுமாம். எல்லாவற்றையும்விட அவரை மயக்கியது அந்தப் பின்பக்கத்துக் கதவு. டிரங்குப் பெட்டி மூடி மாதிரி கண்ணாடியோடு சேர்ந்து மேலே தூக்கிக்கொள்ளும். பின் சீட்டை மடித்துப் போட்டால் பாய் விரித்த மாதிரி இடம். புடவையைச் சுருட்டாமல், கசங்காமல், மடித்தது மடித்தபடி அடுக்கலாம். காலையில் மெட்ராஸுக்குப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம் என்று ஏதோ ஏற்கெனவே வந்துவிட்டவர் மாதிரி பேசினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்குக் காரின் மேல் கோபம் இல்லை. அவர் வண்டி ஓட்டுகிற விதத்தின் மேல்தான் கோபம். முன்னே வேலை பார்த்த முதலாளியின் கிழட்டுக் காரில் ஓட்டப் பழகி லைசென்ஸும் வைத்திருந்தார். அந்தக் கார் மாட்டு வண்டிக்குத் தம்பி, அது வருகிற சத்தம் கேட்டே ஊர் ஒதுங்கிவிடும். ஸ்கூட்டரிலும் அப்படித்தான், மெதுவாகத்தான் போவார். ஆனாலும் பின்னால் உட்கார்ந்திருக்கிற நான் அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேதான் போவேன். எதிரே ஒன்று வந்தால் கடைசி நேரத்தில் சட்டென்று ஒடிப்பார். ஏன் இப்படி என்று கேட்டால், அதான் ஒதுங்கிட்டேனே என்பார்.

அவர் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு புடவையைக் கையில் வாங்கினால் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவார். எந்த இடத்தில் இழை அறுந்து முடிச்சுப் போட்டிருக்கிறது, எந்த இடத்தில் ஜரிகை தளர்ந்திருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுவார். நாம் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அவர் பார்த்துச் சரி என்று மடித்துக் கொடுத்தால், மெட்ராஸ் கடைக்காரர்கள் பிரிக்காமலே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கழுகுக் கண்ணு என்று ஊரில் பெயர். அந்தப் பெயரில்தான் எங்கள் அடுப்பு எரிந்தது. எங்கள் ஊரில் ஒருவனுக்குக் கண் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் இழையைக் கொடுத்துத்தான் பார்ப்பார்கள். வேறு விதமாகவும் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆனால் அவர் மேல் எனக்கு வேறு குறைகள் உண்டு. எதிர்ச்சாரியில் என் அண்ணன் நின்று கை காட்டினாலும் பார்க்காதவர் மாதிரி போவார். உன் வீட்டுக்காரருக்கு நாலு காசு வந்ததும் மண்டைக்கனம் வந்துவிட்டது என்று என் அண்ணி என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். அதற்காக நான் அவரோடு ஒரு நாள் பூரா சண்டை போட்டேன். கொட்டகைக்குப் படம் பார்க்கக் கூட்டிப்போனால், பின்னால் நாற்காலி இருக்க, திரைக்குக் கீழே பெஞ்சு டிக்கெட்தான் எடுப்பார். கஞ்சத்தனம் என்று திட்டுவேன். ஏகாம்பரநாதர் கோயிலில் கூட்டத்துக்குப் பின்னால் நின்று தீபாராதனை பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். அது ஒன்றை மட்டும் நான் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை விடிந்ததும் சிங்கப்பூர்க்காரர் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். நானும் வருவேன் என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். மகள் எங்களை முந்திக்கொண்டு பின்னால் ஏறிவிட்டாள். சிங்கப்பூர்க்காரர் என் பக்கத்துச் சன்னல் வழியாகக் குனிந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவே இருந்த ஒரு நெம்புகோலைக் காட்டி, நிறுத்தின பிறகு இதை மேலே இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வண்டி உருண்டுவிடும் என்றார். அவரிடம் சொல்லாமல் என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தாலே காரியக்காரி என்று தெரிந்திருக்கும்.

ஊரைத் தாண்டி முசரவாக்கம் பக்கம் பெரிய ரோட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சன்னல் கண்ணாடிகளை ஏற்றச் சொன்னார். மிதித்தார். அந்தச் சின்ன வண்டி எங்களை முதுகில் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி போயிற்று. புளிய மரங்கள் ஓடின. மகள் பின்னால் கை தட்டினாள். பொய் சொல்வானேன், எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு நான் அந்த வைக்கோல் வண்டியைப் பார்த்தேன். தூரத்தில், எங்களுக்கு முன்னால், ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. அவர் பார்த்திருப்பார், வேகத்தைக் குறைப்பார் என்று இருந்தேன். குறைக்கவில்லை. வண்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், சிரித்த முகமாகவே இருந்தது. நான் கத்திய கத்தலில்தான் பிரேக்கை மிதித்தார். மகள் என் சீட்டில் வந்து முட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வைக்கோல் எங்கள் முன் கண்ணாடி பூராவும் உரசிக்கொண்டு நின்றது.

பார்த்துட்டேன், பிடிக்கத்தான் இருந்தேன் என்றார். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். உங்களோடு ஒரு நாள் குடும்பத்தோடு போய்ச் சேரப் போகிறோம் என்றேன். வாயைக் கழுவு என்றார். வண்டியை ஊர்ப் பக்கம் திருப்பினார்.

நேரே சிங்கப்பூர்க்காரர் வீட்டுக்குப் போயிருந்தால் அன்றோடு எல்லாம் மறைந்து போயிருக்கும். வைக்கோல் வண்டியை மறந்துவிட்டு, வெள்ளிக்கிழமை காரை வாங்கியிருப்போம். ஆனால் காரைத் தெருக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. எங்கள் தெரு கிழக்கு மேற்காக நீண்ட தெரு. ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து கிழக்கு முனையில் நுழைந்தோம்.

எங்கள் தெருவில் காலை வேளையில் பாவு நீட்டுவார்கள். புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழைகளை மொத்தமாகத் தெரு நீளத்துக்கு இழுத்து, கழிகளில் நிறுத்தி, அறுந்ததை முடிந்து சுற்றி எடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் அது தறிக்குப் போகும். பாவு நீட்டியிருக்கிற நேரத்தில் சைக்கிள்காரன்கூட இறங்கி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவான். வழக்கமாக அந்நேரத்துக்குச் சுற்றி எடுத்திருப்பார்கள். அன்றைக்கு ஒரு கல்யாணப் பாவு, இழை அறுந்து தாமதமாகிவிட்டது. சந்தன நிறத்துப் பட்டு, மண் தரைக்கு மேலே இடுப்பு உயரத்தில் நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் ஆண்களும் பெண்களும் குனிந்து இழை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பார்த்தேன். அவர் நேராகப் போய்க்கொண்டிருந்தார்.

இந்தத் தெருவில் பிறந்தவர். பாவுக்கு நடுவே தவழ்ந்து வளர்ந்தவர். அவருக்குப் பாவு தெரியாமல் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? நிறுத்துவார் நிறுத்துவார் என்று நானே வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். குனிந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கையை ஆட்டினார்கள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் அவர்கள் கத்துவது உள்ளே கேட்கவில்லை. அவர் அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, ஒரு கையைத் தூக்கிப் பதிலுக்கு ஆட்டினார். அதற்கு மேல் நான் காத்திருக்கவில்லை. நடுவில் இருந்த அந்த நெம்புகோலை இரண்டு கையாலும் பிடித்து, என் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன்.

வண்டி கிறீச்சென்று அரை வட்டம் அடித்து நின்றது. முதல் கழிக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம் இடம்கூட இல்லை. கழியைப் பிடித்திருந்த பெண் பிடித்தபடியே நின்றாள். பாவை விட்டால் எல்லாம் சிக்கலாகிவிடும் என்று அவள் கையை விடவே இல்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டிருந்தாள்.

பாவுக்குச் சொந்தக்காரர் எங்களுக்குப் பங்காளி முறை. ஓடி வந்தவர் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. காருக்குள் குனிந்து, நம்ப முடியாதவராக என் வீட்டுக்காரர் முகத்தையே பார்த்தார்.

"உனக்கா பாவு தெரியல?"

"வெயிலு கண்ல அடிச்சிதுண்ணா. ஒண்ணும் தெரியல."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். கழுகுக் கண்ணு சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் மேற்கே பார்த்து வந்துகொண்டிருந்தோம். வெயில் எங்கள் முதுகில்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவரைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கிணற்றடியில் நிறுத்தினேன். நான் தோட்டத்துக் கடைசிக்குப் போய் முருங்கை மரத்தடியில் நின்று கையைத் தூக்கி, எத்தனை விரல் என்று கேட்டேன். இன்னா விளையாட்டு இது, பசிக்குது, சோத்தப் போடு என்றார். சொன்னால்தான் சோறு என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். இரண்டு அடி முன்னால் வந்தார். நான் பின்னால் போகச் சொன்னேன்.

"கிட்ட வா, சொல்றேன். அவ்ளோ தூரத்துல யாருக்குத் தெரியும்?"

மகளைக் கூப்பிட்டு அவர் பக்கத்தில் நிற்க வைத்தேன். மூணு என்று சொல்லிவிட்டு அவள் விளையாடப் போய்விட்டாள்.

அவர் அங்கேயே கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். நான் கிட்டே போனதும், மரத்து இலையெல்லாம் உனக்குத் தனித்தனியாகத் தெரியுதா என்று கேட்டார். தெரியுது என்றேன். கோயிலில் தீபம் காட்டும்போது சாமி முகம் தெரியுதா என்று கேட்டார். அதற்கும் தெரியுது என்றேன்.

"எல்லாருக்கும் எங்கண்ணு மாதிரிதான்னு இருந்தேன்மா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் அண்ணனைப் பார்க்காமல் போனது, பெஞ்சு டிக்கெட் எடுத்தது, கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிட்டது எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. சின்ன வயதிலிருந்தே தூரத்துப் பார்வை இல்லாத மனிதர். கிட்டே இருக்கிற இழையை எல்லாரையும்விட நன்றாகப் பார்த்ததால், ஊரும் கேட்கவில்லை, அவருக்கும் தெரியவில்லை. ஸ்கூட்டரில் பாதி வழியைக் காதால் ஓட்டியிருக்கிறார். மாட்டுச் சலங்கையும் சைக்கிள் மணியும் ஜனங்கள் பேச்சும் கேட்டு ஒதுங்கியிருக்கிறார். காரில் கண்ணாடியை ஏற்றியதும் காதும் போய்விட்டது.

அழுகை எல்லாம் கொஞ்ச நேரம்தான். மெட்ராஸுக்குப் போய் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னதும் அவருக்கு வந்ததே ஒரு கோபம். என் கோபம் எல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது. பட்டு பார்க்கிறவன் கண்ணாடி மாட்டிக்கொண்டு தெருவில் போனால் எவன் நம்பிப் புடவை வாங்குவான், கண்ணு போயிடுச்சு என்று சாயந்திரத்துக்குள் மெட்ராஸ் கடை வரைக்கும் சேதி போய்விடாதா, பிறகு நீயும் உன் பெண்ணும் எதைத் தின்பீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனாலும் நான் விடவில்லை. கண்ணாடி இல்லாமல் காரை வாங்கினால், நானும் பெண்ணும் அண்ணன் வீட்டில்தான் இருப்போம், அந்தக் காரிலும் ஏற மாட்டோம், இந்தப் படியையும் ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

மறுநாள் சிங்கப்பூர்க்காரரிடம் போய், ஒரு வாரம் பொறுக்க வேண்டும் என்று நானே கேட்டு வந்தேன். என் வீட்டுக்காரர் மனமில்லாமல் என்னோடு மெட்ராஸ் பஸ் ஏறினார். மெட்ராஸில் கண் டாக்டர் வரிசையாக எழுத்து எழுதிய பலகையைக் காட்டினார். மேலே இருந்த பெரிய எழுத்தையே இவர் தடவித் தடவித்தான் சொன்னார். நான் டாக்டரிடம் தொழிலைச் சொல்லிப் பட்டு பார்க்க முடியுமா என்று கேட்டேன். கிட்டே பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடட்டும், உங்கள் வீட்டுக்காரர் இழையை இவ்வளவு நன்றாகப் பார்ப்பதே இந்தக் கிட்டப் பார்வைக் கண்ணால்தான் என்றார். அதைக் கேட்டதும்தான் இவர் முகத்தில் உயிர் வந்தது. புடவை பார்க்கும்போது ஊருக்கு முன்னால் அதே பழைய கண்.

கண்ணாடி தயாரானதும் வாங்கி மாட்டிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தார். வந்தவர் படியை விட்டு இறங்கவே இல்லை. எதிர்ச்சாரியைப் பார்த்தார், மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ரோட்டைத் தாண்டும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தோம். எதிரே லாரி வரும்போதெல்லாம் காலை அழுத்தி ஊன்றினார்.

அந்த ஒரு வாரத்தில் எனக்கு மனது மாறிவிட்டது. இனிமேல் பயம் என்ன? புடவை அடுக்க அந்தப் பின் கதவு, பெட்ரோலும் கொஞ்சம், அந்த ஒரு நிமிஷ வேகமும் எனக்கு மறக்கவில்லை. வாங்கிடலாங்க என்று நானே சொன்னேன். சிங்கப்பூர்க்காரர் மறுபடியும் சாவியைக் கொடுத்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஏறினோம், மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இந்தத் தடவை சன்னல் கண்ணாடிகளை இறக்கி விட்டுக்கொண்டார்.

கடைத்தெரு வரைக்கும்கூடப் போகவில்லை. நடக்கிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள், அவ்வளவு மெதுவாக ஓட்டினார். பிறகு ஓரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டார். உடம்புக்கு என்ன என்று கேட்டேன். அவர் முன் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தார். ரோட்டில் வழக்கமான கூட்டம்தான். கூடைக்காரி ஒருத்தி குறுக்கே போனாள். இரண்டு பையன்கள் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தார்கள். சாயம் போட்ட பட்டு நூலை ஒருவன் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தான். தூரத்தில் ஒரு சைக்கிள்காரன், முன்னால் பாரில் தன் சின்னப் பெண்ணை உட்கார வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான்.

"இத்தினி பேரு இருந்தாங்களா ரோட்ல?" என்றார்.

எப்பவும் இருக்கிறவர்கள்தானே என்றேன்.

சைக்கிள் எங்களைத் தாண்டிப் போகிற வரைக்கும் அவர் அந்தப் பெண்ணையே பார்த்தார்.

"பாப்பாவ முன்னால நிக்க வெச்சிக்கினு போனேனேம்மா."

நான் கையை நீட்டி எஞ்சினை அணைத்தேன், நெம்புகோலை இழுத்துவிட்டேன், சாவியை எடுத்துக்கொண்டேன். நான் நடந்து போய்ச் சொல்லி, சிங்கப்பூர்க்காரர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போனார். மெட்ராஸ் புரோக்கர் அந்த வாரமே அதை வாங்கிவிட்டான். ஸ்கூட்டரையும் விற்றுவிட்டோம். அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியையும் தொடவில்லை, புடவை மூட்டையோடு பஸ்ஸில்தான் போனார், வந்தார். எங்கள் மகளுக்குக் கல்யாணமாகி அவளுக்கே குழந்தைகள் பிறந்த பிறகும், மூன்று பேருமாக ரோட்டைத் தாண்டும்போது அவர் கை தானாகப் போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளும். அப்பாவுக்கு வயசாகிவிட்டது, பிடிமானம் தேடுகிறார் என்று அவள் என்னிடம் சொல்வாள். நான் ஆமாம் என்று மட்டும் சொல்வேன்.